குதிரை, கமரா, கோவில் வீதி: யாழ்ப்பாணத்து இளம் படப்பிடிப்பாளர்கள் கேட்கும் கேள்விகள்

குதிரை ஓட்டப் பழகும் பிள்ளைகளும், குதிரையைப் படமாகவும் ஓவியமாகவும் ஆக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும், குதிரை வாகனம் வீதியில் ஆடி வரும்போது கைகூப்புவதா கமராவைத் தூக்குவதா என்று தடுமாறுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. யாழ்ப்பாணத்தில் குதிரையைத் தேடிப் போகிறவருக்கு நெடுந்தீவு ஒரு பக்கம், திருவிழா வீதி மறுபக்கம். இரண்டிலும் எந்தக் கமரா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. எங்கே நிற்பது என்பதை முதலில் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் குதிரைக்கும் வழிபாட்டுக்கும் அப்படி என்ன தொடர்பு?

நிறைய உண்டு. மாவிட்டபுரத்துத் தலவரலாறே ஒரு குதிரை முகத்தில்தான் தொடங்குகிறது. குதிரை முகத்தோடு துன்பப்பட்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி முகம் மாறப்பெற்று, நன்றியாகக் கந்தனுக்குக் கோவில் எடுப்பித்தாள் என்பது ஐதீகம். இன்றும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் மகோற்சவம் ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தீர்த்தமாடித்தான் நிறைவுறுகிறது.

முருகன், பிள்ளையார், அம்மன் என்று எந்தக் கோவிலானாலும் மகோற்சவத்தில் ஒரு நாள் சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளுவதைப் பார்க்கலாம். வேட்டைத் திருவிழாவுக்கு அதுவே பொருத்தமான வாகனம். ஊர்க்காவல் தெய்வமான ஐயனாருக்கும் குதிரை உரியது. கத்தோலிக்கரிடம் யாகப்பர், அதாவது சந்தியோகுமையோர், வெள்ளைக் குதிரை மேல் வாளோடு அமர்ந்த வடிவம் போர்த்துக்கேயர், ஸ்பானியர் மரபில் பழையது. குருநகரிலும் கிளாலியிலும் அவர் பெயரில் ஆலயங்கள் உள்ளன. அவரது திருநாள் ஜூலை 25.

ஆகவே குதிரையின் மேல் அன்பும் இறைபக்தியும் ஒரே பிள்ளையிடம் இருப்பதில் இந்த ஊரில் வியப்பேதும் இல்லை.

நெடுந்தீவில் உண்மையிலேயே காட்டுக்குதிரை இருக்கிறதா?

இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. கட்டி வளர்ப்பார் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் திறந்தவெளியில் பெருகியதால் மனிதக் கைக்குப் பழகாதவை. உயரம் குறைந்தவை என்பதால் மட்டக்குதிரை என்கிறோம். தோள் மேடு வரை 148 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தால் பொதுவாக அதை மட்டக்குதிரை வகையில்தான் சேர்ப்பார்கள். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனவே அங்கே விலங்கைத் துரத்துவதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்.

அதில் ஏறிப் பார்க்கலாமா? லாயத்தில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

கூடாது. சேணமும் கடிவாளமும் அறியாத குதிரை முதுகில் பாரம் ஏறினால் அதைக் கொன்றுண்ணியின் பாய்ச்சலாகத்தான் உணரும். உதைக்கும், துள்ளும், கல்வேலியில் மோதும். லாயத்துப் பழக்கம் அதன் காதையும் வாலையும் வாசிக்க உதவும். அதற்கு மேல் அங்கே அது செல்லாது.

எப்படிப் போவது, எப்போது போவது?

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழி. அங்கிருந்து படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம். படகு நேரம் காற்றுக்கும் கடலுக்கும் ஏற்ப மாறும். முதல் நாளே இறங்குதுறையில் விசாரித்து வையுங்கள், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் சேர்த்து. தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இறங்குதுறையில் கடற்படை நிலைகளின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

காலம் பற்றிச் சொன்னால், சோளகக் காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை தீவு காய்ந்து கிடக்கும். குதிரைகள் தண்ணீர் இருக்கும் இடங்களை அண்டி நிற்கும், கண்டுபிடிப்பது இலகு. ஆனால் அந்தக் காலத்தில் அவை மெலிந்திருக்கும். கடும் வறட்சியில் தண்ணீரின்றிச் சாவதும் நடக்கிறது. மாரியில் புல் பச்சை, குதிரையின் தோல் மினுங்கும், ஆனால் மந்தைகள் சிதறி நிற்கும், கடலும் குழம்பும். மாசி முதல் சித்திரை வரை கடல் அமைதி, புல்லும் முற்றாகக் கருகியிராது. முதல் தடவை போகிறவருக்கு எங்கள் தெரிவு இந்தக் காலம்தான்.

ஒரே நாளில் போய்த் திரும்பினால் காலை ஒன்பதுக்குப் பிந்திய வெளிச்சமும் பின்னேரம் மூன்றுக்கு முந்திய வெளிச்சமும் மட்டுமே கிடைக்கும். படத்துக்கு அது ஆக மோசமான நேரம். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் இந்த அகலாங்கில் நண்பகல் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். குதிரையின் கண் குழியில் இருள் விழும், வயிற்றுக்குக் கீழே கரி பூசியதுபோல் நிழல். முடிந்தால் ஓர் இரவு தீவில் தங்குங்கள். விடியற்காலை ஒரு மணி நேரம் முழுப் பகலையும் விடப் பெறுமதி.

நல்ல தண்ணீர் தீவில் அரிது. ஆளுக்கு மூன்று லீற்றராவது கொண்டுபோங்கள்.

நெடுந்தீவுப் பயணிகள் படகான குமுதினியில் போனவர்கள் 1985 மே 15இல் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவு நாளில் தீவுக்குப் போனால் அஞ்சலி செலுத்தும் குடும்பங்களின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டாதீர்கள்.

குதிரை ஓடாமல் எவ்வளவு கிட்டப் போகலாம்?

மீற்றர்க் கணக்கில் ஒரு விடை இல்லை. குதிரை சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த குதிரை தலையைத் தூக்கி இரண்டு காதையும் உங்கள் பக்கம் திருப்பினால் நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள். அது மறுபடி குனிந்து மேயத் தொடங்கும் வரை அசைய வேண்டாம். பிறகு நேரே போகாமல், பக்கவாட்டில் வளைந்து, இடையிடையே நின்று நகருங்கள். காது பின்னுக்குப் படிந்தால், வால் விசிறியடித்தால், பின்கால் தூக்கினால் உடனே பின்வாங்குங்கள்.

குதிரையின் கண் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும். பார்வை எட்டாத இடம் இரண்டு: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது தூரம். அந்த இரண்டிலிருந்தும் அணுகுகிறவர்தான் உதை வாங்குகிறார். தோளுக்கு நேரே, அது உங்களைக் காணும்படி நிற்பதே பாதுகாப்பு. படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

குட்டியோடு நிற்கும் தாய்க்குதிரைக்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் புகக் கூடாது. கடலைப்பருப்பு, பாண், பழம் எதுவும் கொடுக்கக் கூடாது. பழகாத பாண் வயிற்றுவலியைக் கொடுக்கும், குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. அதைவிட, மனிதரிடம் தீன் தேடி வரப் பழகிய குதிரை வீதிக்கு வந்து வாகனத்தில் அடிபடும்.

காற்று முகத்தில் படும் பக்கத்தில் நின்றால் உங்கள் வாசம் அதற்குப் போகாது. சோளகம் வீசும்போது இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள். அதோடு குடை விரிக்க வேண்டாம். பழகிய குதிரைகூட விரியும் குடைக்கு வெருளும்.

என்ன கமரா வேண்டும்? போன் போதாதா?

பழகவும் ஒளியைப் படிக்கவும் போன் போதும். குதிரை படமாக வருமா என்பது வேறு. போனின் சாதாரண வில்லை (லென்ஸ்) அகலக்கோணம். கிட்ட நின்று எடுத்தால் மூக்கு பெருத்து, பின்பகுதி சுருங்கி, கால்கள் குட்டையாகத் தெரியும். இது வில்லையின் பிழை இல்லை, தூரத்தின் விளைவு. பத்து மீற்றர் தள்ளி நின்று, போனில் இரண்டு அல்லது மூன்று மடங்கு ரெலி வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். திரையை விரலால் விரித்துப் பெரிதாக்குவது வெட்டி எடுப்பதற்குச் சமம், விவரம் போய்விடும்.

கமரா வாங்குவதானால் பழைய டி.எஸ்.எல்.ஆர் ஒன்றும் 55-250 மில்லிமீற்றர் வில்லை ஒன்றும் தீவுக்குப் போதும். கோவிலுக்கு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை (எஃப் எண் சிறிதானால் அதிக ஒளி உள்ளே வரும்). இந்த இரண்டுக்கு மேல் முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றும் தேவைப்படாது. மிச்சக் காசைப் படகுக் கூலிக்கு வையுங்கள்.

எடுக்கும் படமெல்லாம் மங்கலாக வருகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. ஷட்டர் வேகம் போதவில்லை, கவனம் (ஃபோகஸ்) பிழையான இடத்தில் விழுந்தது, அல்லது வில்லையில் உப்புப் படிந்துள்ளது.

நடக்கும் குதிரைக்கு 1/250 விநாடி, ட்ரொட் என்னும் துள்ளுநடைக்கு 1/800, பாய்ந்தோடும் குதிரைக்கு 1/1600 வேண்டும். வெயிலில் இது இலகு. ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்வு அளவு) 400, எஃப் 5.6 வைத்தாலே கிடைக்கும். கவனப் புள்ளியைத் தன்னியக்கமாக விட்டால் கமரா ஆகக் கிட்ட உள்ள புல்லையோ மூக்கையோ பிடிக்கும். ஒற்றைப் புள்ளியைத் தெரிந்து, உங்களுக்குக் கிட்டிய கண்ணில் வையுங்கள். ஓடும்போது தொடர் கவன முறைக்கு மாற்றி, கண் பிடிபடாவிட்டால் தோளில் வையுங்கள். கழுத்து மேலும் கீழும் ஆடும், தோள் அவ்வளவு ஆடாது.

உப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: வில்லையைச் சூரியனுக்குச் சரிவாகப் பிடியுங்கள், பால்போல் மெல்லிய படலம் தெரியும்.

வேகத்தைக் காட்ட விரும்பினால் எதிர்வழி. 1/40 வைத்து, குதிரை உங்களுக்குக் குறுக்கே ஓடும்போது இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள், அழுத்திய பிறகும் திருப்பத்தை நிறுத்தாதீர்கள். கல்வேலி கோடுகளாக இழுபடும், குதிரையின் தலை மட்டும் தெளிவாக நிற்கும். ஐம்பது எடுத்தால் இரண்டு தேறும். அதுவே நல்ல விகிதம்.

குதிரை எப்போதும் கறுத்துப்போகிறதே?

நெடுந்தீவின் சுண்ணக்கல் நிலமும் பவளக்கல் வேலியும் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. கமராவின் ஒளிமானி அந்த வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். கபில நிறக் குதிரை கரியாகும். ஒளி ஈடுசெய்தலை (கமராவில் +/- என்று காணும் அமைப்பு) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். கோவிலில் இரவு இதற்கு நேர்மாறு: கரிய வானத்தின் முன் வெள்ளி வாகனம் பளபளப்பதால் கமரா இருளைப் பார்த்துக் கூட்டிவிடும், வெள்ளியும் சாத்துப்படியும் வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே -1.

கால்கள் அழகாக விழுந்த கணத்தை எப்படிப் பிடிப்பது?

நடையின் தாளத்தைக் காதால் கேளுங்கள். சாதாரண நடை நான்கு அடி. ட்ரொட் இரண்டு அடி, குறுக்கெதிர்க் கால்கள் சேர்ந்து விழும். கன்ட்டர் என்னும் மெல்லோட்டம் மூன்று அடி. கலொப் என்னும் பாய்ச்சல் மறுபடி நான்கு, வேகமாக. ட்ரொட்டில் முன்கால் ஒன்று முழுதாக நீண்டு, அதற்கு எதிர்மூலைப் பின்காலும் அதனோடு சேர்ந்து முன்னே எட்டி நிற்கும் கணம்தான் வேண்டும். "டக்" என்ற சத்தம் கேட்டபின் அழுத்தினால் கால் நிலத்தில் ஊன்றிவிடும். சத்தத்துக்குச் சற்று முன்னரே அழுத்தப் பழகுங்கள். தவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வந்துவிடும்.

பாய்ந்தோடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழுமா என்பது நெடுநாள் வாதமாக இருந்தது. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ அல்ரோவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக வைத்து அதைத் தீர்த்துவைத்தார். எழுகிறது. ஆனால் அதுவரை ஓவியர்கள் தீட்டியதுபோல் முன்னும் பின்னும் கால் நீட்டிய நிலையில் இல்லை. கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கிக் கூடும் கணத்தில்தான் எழுகிறது. குதிரை வரையப் பழகும் பிள்ளைகள் அந்தப் படவரிசையை ஒருமுறையாவது முன்னால் வைத்து வரைய வேண்டும்.

என் படத்தைப் பார்த்து வரைகிறேன். பின்கால் மட்டும் எப்போதும் பிழைக்கிறது.

பின்காலில் நடுவே பின்புறமாக மடங்குகிற மூட்டை முழங்கால் என்று நினைத்து வரைவதே காரணம். அது எங்கள் குதிக்காலுக்கு ஒப்பானது. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றின் மடிப்போடு ஒட்டி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு வரைந்தால் கால் தானாக நிமிரும். குதிரையின் உயர மட்டத்துக்குக் குனிந்து எடுத்த படத்தை வைத்து வரையுங்கள். நின்றபடி எடுத்த படத்தில் மட்டக்குதிரையின் முதுகு அகன்றும் கால் தேய்ந்தும் இருக்கும், ஓவியத்திலும் அதே பிழை ஏறும்.

வாகனத்துக் குதிரையை இந்தக் கணக்கால் அளக்க வேண்டாம். முன்னங்கால் இரண்டும் தூக்கி, மார்பு விரிந்து, கழுத்து வளைந்து நிற்கும் அந்த வடிவம் சிற்ப மரபின் அளவில் செதுக்கப்பட்டது. அதைத் தனியாக, மணி, சதங்கை, சேணத்து வேலைப்பாடு என்று பகுதி பகுதியாக வரையலாம்.

கோவிலுக்குள் படம் எடுக்கலாமா?

கேட்காமல் எடுக்கக் கூடாது. நல்லூரில் உள்ளே கமராவுக்கு இடமில்லை. வேறு கோவில்களில் வசந்தமண்டபப் பூசையை எடுக்க விடுவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. மூலஸ்தானத்தை எங்கும் எடுக்காதீர்கள், யாராவது அனுமதித்தாலும். கேட்க வேண்டியவர் தர்மகர்த்தா அல்லது பரிபாலன சபை. அன்றைய திருவிழா உபயகாரரிடமும் ஒரு சொல் சொல்லிவையுங்கள். கொடியேற்றத்துக்கு முன்னமே போய்க் கேட்டால் பெரும்பாலும் இணங்குவார்கள். திருவிழா மும்முரத்தில் ஐயரிடம் போய்க் கேட்டால் அவருக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் மறுப்புத்தான் கிடைக்கும்.

துடக்குக் காலத்தில் கமரா வேலை என்று சொல்லியும் போக வேண்டாம். மச்சம் தின்றுவிட்டும் போக வேண்டாம். ஒப்புக்கொண்ட திருவிழாவாக இருந்தால் வேறொருவரை அனுப்புங்கள்.

மேலாடை இல்லாமல், வேட்டியோடு எப்படிக் கமரா தூக்குவது?

நல்ல கேள்வி, ஒருவரும் சொல்லித்தராத விசயம். வெறும் தோளில் றப்பர் பட்டி வியர்வைக்கு ஒட்டி உரசும், தோல் பட்டியைக் கோவிலுக்குள் விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அகலமான பருத்தித் துணிப் பட்டி போடுங்கள். வேட்டியில் பை இல்லை என்பதால் வில்லை மூடி, மேலதிக பற்றரி, மெமரி காட் மூன்றுக்கும் இடுப்பில் சிறு துணிப்பை. வியர்வை உள்ள நெற்றியைக் கமராவின் பின்புறத்தில் ஒற்றினால் கண்ணாடி பனிக்கும். சால்வையைத் தலைப்பாகைபோல் சுற்றினால் வியர்வை நிற்கும், ஆனால் சுவாமி முன் தலைப்பாகை ஆகாது, அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். சேலையோ பாவாடை தாவணியோ உடுத்தவர்கள் பட்டியைக் குறுக்காகப் போடுவது நல்லது, குனியும்போது கமரா முன்னுக்கு ஆடாது.

வெளிவீதி மணல் பகலில் கால் சுடும். நிழல் விழும் பக்கத்தை முதலே பார்த்து வையுங்கள்.

குதிரை வாகனத்தை எங்கே நின்று எடுப்பது?

நேர் முன்னால் நிற்காதீர்கள். மரியாதைக் குறைவு என்பது ஒன்று. படமும் கெடும்: தூக்கிய குதிரைத் தலையும் கழுத்தும் சுவாமியின் திருமுகத்தை மறைத்துவிடும். கீழிருந்து எடுத்தால் இன்னும் மறைக்கும். முன்பக்கத்திலிருந்து 30 முதல் 45 பாகை விலகி, எட்டுப் பத்து மீற்றர் தள்ளி நின்றால் குதிரையின் முகமும் சுவாமியின் முகமும் ஒரே சட்டத்தில் விழும்.

சுவாமி வலமாக வருவதால் கோவில் எப்போதும் வாகனத்துக்கு வலப்பக்கம் இருக்கும். நீங்கள் வீதியின் வெளியோரத்தில் நின்றால் குதிரையின் இடப்பக்கம் தெரியும், பின்னணியாகச் சிவப்பு வெள்ளை மதிலும் கோபுரமும் வரும். உள்ளோரத்தில் நின்றால் பின்னணியில் கச்சான் கடையும் ஐஸ்கிறீம் வாகனமும்தான். வீதி மூலைகளைத் தவறவிடாதீர்கள். வாகனம் திரும்பும் அந்தச் சில கணங்களில் எல்லாக் கோணமும் ஒரே இடத்தில் நிற்கும் உங்களுக்குக் கிடைக்கும், ஓட வேண்டியதில்லை. மேள சமாவுக்காக வாகனம் தரிக்கும் இடங்களும் நல்லவை.

மதில், மரம், கடைத்தட்டு எதிலும் ஏற வேண்டாம். சுவாமிக்கு மேலே நிற்பது எங்கள் ஊரில் எவருக்கும் மனம் ஒப்பாது. வாகனத்துக்கு முன் பின்னோக்கி நடப்பவர் பெரும்பாலும் தீவட்டிக்காரரோடு முட்டுவார். வாகனம் தூக்குபவர்களின் பாதையில் நின்றால் அத்தனை பேரின் தோளும் உங்களால் தடுமாறும். இதை விளையாட்டாக எண்ணக் கூடாது.

இரவுப் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன, நிறமும் மாறி மாறி வருகிறது.

மின்விளக்குகளின் துடிப்பு. எங்கள் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, விளக்கு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். மலிவான எல்.ஈ.டி விளக்குகளில் இது மோசம். ஷட்டர் 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுத் துடிப்பாவது உள்ளே வந்துவிடும், பட்டை மறையும். ஆனால் ஆடி வரும் வாகனம் 1/100இல் அசையும். அதற்கு வழி, ஆட்டத்தின் உச்சியைப் பார்ப்பது. தோளில் ஏறி இறங்கும் வாகனம் மேலே போய்க் கீழே வரத் திரும்பும் கணத்தில் கிட்டத்தட்ட நிற்கும். அப்போது அழுத்துங்கள். கமராவில் துடிப்புத் தவிர்ப்பு வசதி இருந்தால் அதைப் போட்டு 1/250க்குப் போகலாம். ஐ.எஸ்.ஓ 3200க்குப் பயப்பட வேண்டாம். மணல்போல் பொரிந்த படம் பார்க்கலாம், அசைந்த படம் பார்க்க முடியாது.

நிறச் சமநிலையை (வைட் பலன்ஸ்) தன்னியக்கத்தில் விடாமல் 3500 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். பஞ்சாராத்தி காட்டும்போது சுடர் வெளிறுவது வெளிறட்டும், சுவாமியின் முகத்தில் ஒளியை அளவிடுங்கள். ரோ (RAW) என்னும் மூலக்கோப்பு முறையில் எடுத்தால் பிறகு திருத்த இடமிருக்கும்.

பிளாஷ் போட வேண்டாம். உயிர்க்குதிரை வெருளும், வாகனத்திலோ வெள்ளி திருப்பி அடித்து சாத்துப்படி தட்டையாகிவிடும், தூக்குபவரின் கண்ணும் கூசும்.

பொய்க்கால் குதிரை ஆட்டத்தை எடுக்க ஏதும் விசேட வழி?

முட்டுக்கால் போட்டு, இடுப்பு மட்டத்திலிருந்து, 1/200இல் எடுங்கள். சுழலும்போது துணி விளிம்பு விரியும் கணம்தான் படம். ஆட்டம் முடிந்ததும் ஆடியவருக்குப் படத்தைக் கொடுங்கள். தன் ஆட்டத்தைத் தான் காணாதவர் அவர்.

படம் எடுக்கும்போது கும்பிட முடியவில்லை என்று மனம் உறுத்துகிறது.

அந்த உறுத்தல் இருப்பது நல்லது. பலர் கைக்கொள்ளும் ஒழுங்கு இது: பூசை, தீபாராதனை முழுவதும் கமரா கழுத்தில் தொங்கும், கை கூப்பியிருக்கும். சுவாமி வெளிவீதிக்கு வந்தபின் ஒரு வீதியை மட்டும் படத்துக்கு என்று ஒதுக்குவது, மற்ற மூன்று வீதியும் அடியார்களோடு அடியாராக நடப்பது. படத்தின் எண்ணிக்கை குறையும். ஆனால் அந்த ஒரு வீதியில் எங்கே நிற்பது என்று முதலே யோசித்து நிற்பதால் தரம் கூடும். தேவாரம் ஓதும்போது ஷட்டர்ச் சத்தம் கேட்கக் கூடாது. சத்தமில்லா முறை கமராவில் இருந்தாலும் அந்த நேரம் கீழே வையுங்கள்.

யாகப்பர் திருநாளிலும் இதே ஒழுங்குதான். பங்குத்தந்தையிடம் முன்கூட்டிக் கேளுங்கள். நற்கருணை எழுந்தேற்றத்தின்போது பீடத்தின் முன் குறுக்கே போக வேண்டாம். திருச்சொரூபப் பவனி வெளியே வந்தபின் எடுக்க வேண்டியதை எடுக்கலாம்.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்கிறார்கள். நீராடுபவரையும் அழுபவரையும் எடுக்காதீர்கள். கடலும் கேணியும் தர்ப்பையும் எள்ளும் போதும்.

லாயத்தில் நண்பி குதிரை ஓட்டுவதை எடுக்க வேண்டும். நானும் ஓட்டிக்கொண்டே எடுக்கலாமா?

ஓட்டும்போது கமரா வேண்டாம். கழுத்துப் பட்டி கடிவாள வாரில் சிக்கினால் விழும்போது கழுத்தோடு இழுக்கும். போனும் சட்டைப்பையில் இருக்கக் கூடாது.

நண்பியை எடுக்க, மைதானத்தின் மூலையிலிருந்து வெளியே வரும் கோட்டுக்கு எதிரே, வேலிக்கு வெளியே நில்லுங்கள். தலைக்கவசத்தின் நாடி வார் பூட்டியிருக்கிறதா, அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கிறதா என்று படம் எடுக்குமுன் பாருங்கள். அது பாதுகாப்பு. படத்திலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். நிற்கும் குதிரையின் முழு உருவம் வேண்டுமானால் ஈரத் துணியால் கண்பீளையும் மூக்கும் துடைத்து, நான்கு காலும் தெரியும்படி உங்களுக்குக் கிட்டிய பக்கக் கால்களைச் சற்று அகட்டி நிறுத்தச் சொல்லுங்கள். கமரா வயிற்றின் நடு உயரத்தில், உடலுக்குச் செங்குத்தாக. காது முன்னுக்கு வர, பொலித்தீன் பையை ஒருதரம் சரசரக்கச் செய்தால் போதும். மூன்றாம் தரம் குதிரை சட்டை செய்யாது, நான்காம் தரம் எரிச்சல்படும்.

ட்ரோன்?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் குதிரை மந்தைக்கு மேலே பறக்கவிடாதீர்கள். சத்தத்துக்கு மந்தை ஓடும், குட்டி பிரியும், வெயிலில் ஓடிய குதிரைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. தேருக்கு மேலேயும் வேண்டாம்.

சுவாமி படத்தில் என் பெயரைப் பொறிக்கலாமா? நிறம் கூட்டலாமா?

பெயர் வேண்டுமானால் கீழ் மூலையில், சிறிதாக. சுவாமியின் மேலோ திருவாசியின் மேலோ விழக் கூடாது. ஒளியும் நிறமும் திருத்தலாம், ஆனால் இல்லாத ஒளிவட்டம், வேறு வானம், வேறு கோபுரம் ஒட்டக் கூடாது. பத்து வருடம் கழித்து இந்தப் படம் அந்த ஆண்டுத் திருவிழாவுக்குச் சாட்சி. கோவில் பெயர், எந்தத் திருவிழா, ஆண்டு, உபயம் என்ற நான்கையும் கோப்பிலேயே எழுதி, ஒரு பிரதியைச் சபைக்குக் கொடுங்கள்.

பிரின்ற் எடுத்தால் இருண்டு வருகிறது.

திரை பின்னாலிருந்து ஒளிர்வது, தாள் ஒளிராது. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைத் திருத்துங்கள். 8க்கு 12 அங்குலப் படத்துக்கு 2400க்கு 3600 புள்ளிகள் போதும், அதாவது ஒன்பது மெகாபிக்சலுக்குள். பழைய கமராவே தாராளம். முதலில் ஒன்றை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

தீவிலிருந்து வந்ததும் கமராவை என்ன செய்வது?

அன்றிரவே துடையுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து உலோகப் பொருத்துகளை அரிக்கும். முதலில் காற்றூதியால் மணலைப் போக்குங்கள். மணல் இருக்கத் துடைத்தால் கண்ணாடி கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மென்துணியால் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். வில்லைக் கண்ணாடிக்கு வில்லைத் திரவம், நடுவிலிருந்து வெளியே வட்டமாக. வாயால் ஊத வேண்டாம். மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், மாரியில் மாதம் ஒருதரம் அந்தப் பைகளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். படகில் வில்லை மாற்றவே கூடாது. கமராவை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, இறங்குதுறை வந்தபின் திறவுங்கள்.